சலுகை ஏன் குறைந்தது?

காபி வாங்க டுவைட் படியிறங்கிப் போனதும் வெர்னா மேசை மேல் குனிந்தாள். “கார்லா, படிவத்துல ஒரு பொய் எழுதிட்டேன்.”

அந்த மினசோட்டா கல்லூரிக்கு நன்கொடை திரட்டுகிற கார்லாவுக்கு முகம் வெளுத்தது. “ரெண்டு லட்சம் டாலர் இல்லையா?”

“அது இருக்கு. வயசுதான் அறுபத்தாறு இல்ல, எழுபத்தஞ்சு.” வெர்னா தன் லைசென்ஸை நீட்டினாள்.

“உசுரு வந்துச்சு. வயசு கூடினா உங்களுக்கு லாபம் மேடம். பல பேர் பணத்தைச் சேர்த்துப் போட்ட நிதி இது. வர்ற வருமானத்தை அப்படியே பணம் போட்டவங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடறதால, அதுக்கு நிதி வரி கட்டாது. உங்க ரெண்டு பேருக்கும் ஆயுசு பூரா வர்ற பங்குக்கு நீங்க வரி கட்டுவீங்க. அப்புறம் மிச்சம் காலேஜுக்கு. எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ, இப்ப அவ்வளவு வரிச் சலுகை.”

“சனிக்கிழமை கல்யாணத்தை வச்சுக்கிட்டு இருக்கறவகிட்ட பேசற பேச்சா இது?”

“நான் சொல்லல மேடம், சட்டம் சொல்லுது.”

“சலுகை கிடக்கட்டும். அவருக்கு எழுபது. நான் மூத்தவள்னு தெரிஞ்சா ஓடியே போயிடுவார். வாயைத் திறந்துடாதே.” இத்தனை வருஷத் தனிமைக்குப் பிறகு வாய்த்த மனுஷன்.

மூன்று காபியோடு டுவைட் வந்தார். லிஃப்ட் பழுது; மூன்று மாடி ஏறியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. பஞ்சாய் வெளுத்த தலை, கன்னங்கரேல் என்று புருவம். பார்க்கப் பார்க்க வெர்னாவுக்குக் கிறுக்குப் பிடித்தது.

தன் லைசென்ஸை அவர் கவிழ்த்துப் போட்டு கார்லா பக்கம் தள்ளினார்.

கார்லா இரண்டு லைசென்ஸையும் பார்த்து, கால்குலேட்டரில் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

“சலுகை எண்பதாயிரம் வருது மேடம்.”

“நேத்து ஒரு லட்சம்னியே?”

“இன்னிக்குக் குறைஞ்சிருக்கு.”

“அதெப்படிக் குறையும்? எழுபத்தஞ்சுன்னு திருத்தின பிறகு கூடத்தானே வேணும்?”

சொன்ன பிறகுதான் வெர்னாவுக்கு உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கவில்லை. அவள் கை மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

“நரை சாயம்தான், வெர்னா. எனக்கு அம்பத்தாறு.”