கேள்விக்கு ஒரு பரீட்சை

உணவுத்துறையின் கேள்வி இயந்திரம் வாசலில் வந்து நின்று, "சாப்ட்டீங்களாக்கா?" என்றது.

"ஆச்சுப்பா, நீ?" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேற்று மதியத்திலிருந்து வயிற்றில் வெறும் கடுங்காப்பிதான். பதிலைப் பார்த்துத்தான் வீட்டுக்கு அரிசி கொடுப்பார்கள். பாழாய்ப்போன மரியாதை முந்திக்கொண்டதே!

"பதறாதீங்கக்கா. இன்னைக்குப் பரீட்சை உங்களுக்கில்ல, என் கேள்விக்கு. தெருவே ஆச்சுங்குது. ஒரு வீட்டுல என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாங்க. சரி, மாத்திக் கேக்கறேன். நேத்து ராத்திரி பரிமாறினது யாரு?"

"நான்தான்."

"எல்லாரும் எந்திரிச்சப்புறம் சட்டியில என்ன இருந்துச்சு?"

இதற்கு மரியாதையான பதில் எதுவும் ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை.

"கரண்டி," என்றாள்.

"கேள்வி பாஸாயிடுச்சுக்கா. உங்க வீட்டையும் சேர்த்துட்டேன், நாளைக்கே அரிசி வந்துரும்."

ஜெசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.