முக்கால் வட்டம்

இன்னும் ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி. கார் ஷெட்டின் கூரையில், மேல் அறைக்குப் போகும் குழாயைச் சுற்றி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு.

சீலிங்காரர் ஏணியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஏதாவது ஒரு சாக்கு. கையைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார், ஏற்கெனவே முடுக்கிய ஸ்க்ரூவை இன்னொரு தரம் முடுக்கினார்.

அதை அடைத்துவிட்டால் அந்தக் குரல் போய்விடும்.

வேலையைக் கொடுத்தது, வீட்டுக்கார அம்மாளின் வெளியூரில் இருக்கும் மகள். எல்லாம் போனில்தான். கீழே வாடகைக்காரர்களின் வண்டிகள், மேலே அம்மா தனியாகப் படுக்கும் அறை. நெருப்போ புகையோ மேலே ஏறவே கூடாது என்றாள். ஷெட் சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

மரச் சட்டங்களுக்கு நடுவே தீப்பிடிக்காத பஞ்சு, அதன்மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. நாலு நாள் வேலை.

முதல் நாளே மேலேயிருந்து அந்த அம்மாளின் பேச்சு கேட்டது. சாப்பிட்டாயா என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். இருமல் இன்னும் விடவில்லையே, வெந்நீர் குடிக்கக் கூடாதா என்றாள். மறுபடியும் சும்மா இருந்தாள். மகளோடு போனில் பேசுகிறாள் என்று சீலிங்காரருக்குப் புரிந்தது. கொடுத்துவைத்த மகள்.

அவருக்கு வரும் போன்கள் எல்லாம் எப்போது முடியும் என்றுதான் ஆரம்பிக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஓர் ஈ காக்காய்கூட இல்லை.

ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனாலும் குரல் வந்தால் டிரில்லை நிறுத்திவிடுவார். பஞ்சுத் தூசியில் வரும் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்.

எவ்வளவு நேரம்தான் நின்றுகொண்டே வேலை செய்வாய், கொஞ்சம் உட்காரேன் என்று அவள் சொன்னபோது, இவர் ஏணியிலேயே உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்றால் வாய்க்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டார். உதட்டில் நாலைந்து ஸ்க்ரூவைக் கவ்வியிருந்ததால் சத்தம் வெளியே வராது. இந்த வயசில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் அரை மணி முன்னதாகவே வந்து நின்றார்.

ஒவ்வொரு போர்டாக ஏற ஏறக் குரல் தேய்ந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது இதுதான் என்று நினைத்தார். கடைசியில் குழாய் ஓட்டை வழியாக மட்டும்தான் கேட்டது.

இதை மட்டும் விட்டுவிடலாமா? மேலோடு பெயிண்டைப் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஆனால் குரல் வருகிற வழியாகப் புகையும் போகும். படுத்திருப்பது அந்த அம்மாள்.

பசைத் துப்பாக்கியின் மூக்கை ஓட்டையில் வைத்து அழுத்தினார். சிவப்புப் பசை குழாயைச் சுற்றி நிதானமாக ஏறியது. பாதி வட்டம். முக்கால். மீதிச் சந்து வழியாக அந்தக் குரல் வந்தது.

"அதையும் அடைக்கிறியாப்பா? நாலு நாளா நானும் பேசிப் பேசிப் பாக்குறேன், ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டேங்குற. சரி, பாத்து எறங்கு."

முப்பது வருஷப் பழக்கம். நிறுத்த வேண்டும் என்று அவர் நினைப்பதற்குள் கை வட்டத்தை முடித்துவிட்டது.

அம்மா என்று கூப்பிட்டார். உள்ளங்கையால் போர்டைத் தட்டினார். மேலேயிருந்து எதுவும் வரவில்லை. அத்தனை சுத்தமான வேலை.

குதிக்காத குறையாக ஏணியிலிருந்து இறங்கி வெளியே ஓடினார். நாலு நாள் வேலை செய்த வீட்டில், மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.