எண்பத்தேழாம் எண் கார்

கார் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் செண்பகவடிவு, மெக்கானிக் தொபியாஸ், கார் அசல்தானா என்று பார்க்கப் பழைய கார் சங்கத்திலிருந்து வந்த ரங்கசாயி. வேறு யாரும் இல்லை.

தொபியாஸ் காருக்கு அடியில் படுத்திருந்தார்.

ரங்கசாயி முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டைத் தடவினார். கம்பெனி பொறித்த வண்டி எண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்றிருந்தது.

“வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளி போட்டுத் தேச்சா நம்பர் நிக்குமா, மாமா?” என்றாள் செண்பகவடிவு.

தேய்த்தது நான்தான்.

இனி எஞ்சினில் உள்ள எண்தான் சாட்சி.

1943இல் இந்தக் காரின் சத்தம் மாறியது. டிரைவர் அருளப்பன் அசல் எஞ்சினை விற்றுவிட்டு லாரி எஞ்சினை மாட்டிவிட்டார் என்றார்கள். தாத்தா அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

உண்மையா என்று பார்க்க எங்கள் வீட்டில் யாரும் துணியவில்லை.

தொபியாஸ், அருளப்பனின் மகன். நான் கூப்பிட்டதும் வந்தார்.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும் சத்தம்.

“எம்பத்தேழு, அண்ணாச்சி.”

ரங்கசாயி கம்பெனிப் பதிவேட்டின் நகலைப் புரட்டினார். இங்கிலாந்தில் அண்ணனும் தம்பியும் சைக்கிள் கடையில் தொடங்கி, ஒன்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கார் செய்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் தம்பி இறந்தார். அண்ணன் பட்டறையைப் பூட்டினார். பதிவேட்டை மட்டும் கடைசிவரை வைத்திருந்தார்.

முகம் தெரியாத அந்த மனிதருக்கு என் நன்றி.

எண்பத்தேழு. மேலே திறந்த டூரிங் கார், ஐந்து பேருக்கு. கரும்பச்சை. தூத்துக்குடிக்குக் கப்பலேறியது. எஞ்சினுக்கும் அதே எண்.

“பக்கத்துல ஒட்டுத் தகடு ஒண்ணு இருக்கு,” என்றார் தொபியாஸ். “விரிசல அடைச்சது. அப்பா வேல.”

“அதுலதான் சத்தம் மாறியிருக்கும்,” என்றார் ரங்கசாயி.

“விரிசல் எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

அடியில் துடைக்கும் சத்தம் நின்றது.

“ஒங்க அப்பா ஓட்டிப் பழகையில கல்லுல ஏத்திட்டாவ. பெரியவருக்குத் தெரிய வேண்டாம்னாவளாம். அப்பா சொல்லல.”

என் தகப்பனார் அதற்குப் பின் முப்பது வருடம் இருந்தார். அவரும் சொல்லவில்லை.

அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

தொபியாஸ் வெளியே வந்தார். கை கூப்பினேன். அவர் பதறி எழுந்ததில் மண்ணெண்ணெய் டப்பா சரிந்தது.

வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று கொண்டுபோகச் சொன்னேன்.

அன்று தொபியாஸைப் பின் சீட்டில் உட்காரவைத்து நான் ஓட்டினேன் என்று ஊரில் பேச்சு.

தவறு. எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டியது தொபியாஸ். பின் சீட்டில் யாரும் இல்லை. எங்கள் வீட்டார் டிரைவர் பக்கத்தில் உட்கார்வதில்லை. நான் உட்கார்ந்தேன்.