இடது பிரேக்

சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. இடத்தைவிட்டு நகரவில்லை.

பின்சக்கரம் ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டப்பட்டிருந்தது. அவள் மிதித்தாள். வண்டி உடம்புக்குப் பொருந்துகிறதா என்று அளவு பார்க்க, முழங்காலிலும் இடுப்பிலும் தோளிலும் சின்ன வெள்ளை வட்டங்கள் ஒட்டப்பட்டிருந்தன. கடைக்காரர் ஆல்வின் தரையில் குத்துக்காலிட்டு அந்த வட்டங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மிதிக்கிற வாகு அருமையாக இருக்கிறது என்றார். எழுந்து சீட்டை ஒரு நூல் ஏற்றினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் கணவன் பூபதி யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். கோவையில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கினான். இந்தக் கடைக்குள் நுழைந்ததும் இதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான். பாரு, இவ்வளவுதான் கனம். நிறத்தை மட்டும் அவளிடம் விட்டான். கறுப்பா, கருநீலமா?

கருநீலம் என்றாள். ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருகிற போட்டிகள் அவளுடையவை. அவள் வயதுப் பெண்களில் முதலாவதாக வருவாள். தவறினால் இரண்டாவது. போன கோடையில் வேகம் குறையத் தொடங்கியது. நீச்சல் குளத்தில் இடது கைக்குத் தண்ணீர் பிடிபடவில்லை. அப்புறம் ஒருநாள் அவிநாசி சாலை சிக்னலில் நிறுத்த முடியாமல் ஒரு காரின் பின்னால் மோதி விழுந்தாள்.

முழங்கைக்கு மருந்து போட்டபடி பூபதி சொன்னான்.

"வண்டி பழசாயிருச்சு கோகிலா. உம்மேல தப்பில்ல."

அன்றிலிருந்துதான் புது வண்டி தேடினான்.

அவளும் நம்பினாள். நம்ப முடிந்தவரை.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து தனியாக மருத்துவமனைக்குப் போனாள். கையிலும் காலிலும் ஊசி குத்திச் சோதித்த மருத்துவர், கூட யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றாள்.

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

முதலில் கை. பிறகு கால். பேச்சு. கடைசியில் மூச்சு. ஒவ்வொன்றாக நின்றுபோகும் என்றார்.

மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் தள்ளிப்போட இருக்கிறது என்றார்.

பூபதியிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவன் ஒரு சைக்கிளின் படத்தைக் காட்டினான்.

"அக்கா, பிரேக்கப் புடிங்க," என்றார் ஆல்வின்.

வலது பிடித்தது.

"இடது."

விரல்கள் லீவரின் மேல் போய் அமர்ந்தன. அங்கேயே இருந்தன.

லீவர் தூரமாக இருக்கிறது போல என்றார் ஆல்வின். உள்ளே ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் திருப்பி லீவரை விரல்களுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"இப்பப் புடிங்க."

இன்னும் கிட்டே.

இன்னும்.

அதற்குமேல் திருகு போகவில்லை.

அப்போதுதான் அவர் லீவரை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இல்லை. தோல் குழி விழுந்து கிடந்தது.

"எத்தன நாளாங்க்கா இப்படி?"

"இது சரியாகாதுங்க. டாக்டர் சொல்லிட்டார்." அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது."

ஆல்வினும் கதவைப் பார்த்தார். திருப்புளியைத் துணியில் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"இந்தக் கையோட உங்கள ரோட்டுக்கு அனுப்ப மாட்டேனுங்க்கா."

"தெரியுங்க."

அவள் கால்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன. நன்றாகவே மிதித்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பூபதி உள்ளே வந்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"எப்படீங்க, அளவு சரியா இருக்குதுங்களா?"

ஆல்வின் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது அக்காவுக்குச் சேராதுங்க. இதவிட சின்ன அளவு வேணும். எங்ககிட்ட அது வர்றதில்லீங்க."

பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதர் தனக்காக ஒரு விற்பனையை விட்டுக்கொடுக்கிறார் என்பதும் தெரியும். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்று இல்லை. இன்று சொல்ல வேண்டாம்.

பூபதியின் முகம் வாடியது. அரை நிமிடம்தான். கடையிலிருந்து இறங்கும் மாடிப்படிக்கு வருவதற்குள் பெங்களூரில் ஒரு கடைக்குப் போன் போட்டுவிட்டான்.

"ஆமாங்க, லேடிஸுக்குத்தான். சின்ன அளவு. நாளைக்குக் காலைல கெளம்பி நேர்ல வந்தர்றோம்." அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். "பிரேக் மட்டும் லேசா இருக்கோணுங்க. அவளுக்குக் கை சின்னது."

அவள் அவன் காதிலிருந்து போனை எடுத்து அணைத்தாள்.

"என்ன கண்ணு?"

தன் இடது கையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரல்களை அதைச் சுற்றி மூடினாள்.

"நான் உங்க கைய அமுக்கறேன். தெரிஞ்சதும் சொல்லுங்க."

அவன் சிரித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்தான். படியில் வசதியாக நின்றுகொண்டு காத்திருந்தான்.

"ம். அமுக்கு."

"அமுக்கீட்டுத்தானுங்க இருக்கறேன்."