பந்திக் காட்சி

அது ஆவணியா ஐப்பசியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வண்டிப்பெரியாரில் நல்ல மழை. சினிமா படிக்கும் சித்ரா, தன் அக்காவின் கல்யாண வீடியோவைச் சுயாதீனப் படங்களின் பாணியில் எடிட் செய்திருந்தாள். பந்திக் காட்சியில் பாட்டும் இல்லை, ஒரு வெட்டும் இல்லை.

"ஏட்டி, இதை மட்டும் வெட்டிராத!" என்றாள் அம்மா.

நீண்ட காட்சியின் அருமை அம்மாவுக்காவது புரிந்ததே என்று சித்ரா பூரித்தாள். அம்மா அதை உடனே தன் தம்பி சுடலைமணிக்கு அனுப்பினாள். கல்யாணத்திலிருந்து பேச்சை நிறுத்தியிருந்த தம்பி அவர்.

மறுநாளே மாமா வந்து நின்றார்.

"மருமகளே, அந்தப் பந்திய வெட்டிரு."

"வெட்டாம ஓட விட்டாத்தான் மாமா உண்மை தெரியும்."

"அதாம்மா பயமே!"

என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன் என்பதுதான் மாமாவின் கோபம். காட்சியின் ஓரத்தில் அவர் பாயச வாளியை மறித்து இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சாப்பிட வாடா!" அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

மாமா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இப்போது வாராவாரம் வருகிறார். சித்ரா கொச்சியில் எடிட்டராக இருக்கிறாள். காட்சி வெட்டப்படவில்லை.