அன்னக்கூடையில் ரெண்டு கொடுவா

"ஏம்மா, நில்லு! கூடையில என்ன?"

கயாக் படகைத் துடுப்பால் திருப்பி, அமிர்தத்தின் வழியை மறித்து நிறுத்தினார் செந்தமிழ்செல்வன்.

அமிர்தம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். அவள் இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்த அலுமினிய அன்னக்கூடை பக்கத்தில் மிதந்தது. அதற்குள் ரெண்டு கொடுவா மீன். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் குறையாது.

செல்வன் சிதம்பரத்தில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கார் மேல் கயாக்கைக் கட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு வந்துவிடுவார். வெள்ளாற்றிலிருந்து பிரியும் உப்புத்தண்ணி வாய்க்கால்களில் ஃப்ளை ஃபிஷிங். தூண்டிலில் இரையாக இறால், புழு எதுவும் மாட்டமாட்டார். கோழி இறகும் மினுமினு நூலும் சுற்றிய தூண்டிலைச் சாட்டை மாதிரி வீசுவார். பூச்சியோ குட்டி மீனோ என்று நினைத்துக் கொடுவா வந்து கவ்வும்.

பிடித்த மீனில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். அந்த வீடியோக்களுக்கு இன்டர்நெட்டில் ஏகப்பட்ட பாராட்டு. 'உயிரின் அருமை தெரிந்த மனுஷன்' என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

"மச்சான், எடுக்கிறியா?" என்றார் பின்னால் பார்த்து.

"ஓடுது மச்சான், நீ பேசு" என்றான் இன்னொரு கயாக்கில் இருந்த முஹம்மது ஆசிக். சவூதியிலிருந்து லீவில் வந்திருக்கும் பழைய கிளாஸ்மேட். காலையிலிருந்து அவன்தான் கேமராமேன்.

செல்வன் குரலை உயர்த்தினார்.

"வாய்க்கால்ல குறுக்க வலை கட்டியிருக்கியா? எங்க வலை?"

"வலை ஏதுங்க சார்? நான் கையால தடவி இறால் புடிக்கிறவ."

"இறாலா? இது இறாலா? கொடுவாவைக் கையால தடவிப் புடிச்சியா நீ?"

அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதெல்லாம் முட்டை போட வேண்டிய மீன்மா. இப்படி வழிச்சு எடுத்தா நாளைக்கு ஆத்துல என்ன இருக்கும்? என்னைப் பாரு. காலையிலேருந்து ஆறு மீன் பிடிச்சேன். ஆறையும் விட்டுட்டேன். தூண்டில் கொக்கியில இருக்கிற எதிர்முள்ளைக்கூட நசுக்கிட்டுத்தான் வீசறேன், மீனுக்கு வலிக்கக் கூடாதுன்னு. எங்கிருந்தோ வர்ற எனக்கு இருக்கிற அக்கறை, இந்த ஆத்துல பொழைக்கிற உனக்கு வேணாமா?"

"இருக்குங்க சார்."

"என்ன இருக்கு? இந்த வீடியோவைப் போட்டேன்னா சாயங்காலத்துக்குள்ள ஆயிரம் பேரு பார்ப்பாங்க. அதிகாரிங்களும் பார்ப்பாங்க. அப்புறம் நீ ஆத்துல கால் வெக்க முடியாது."

அமிர்தம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க சார். எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னா எங்க வூட்டுல அடுப்பு எரியாது."

"அப்ப உண்மையைச் சொல்லு. இந்த ரெண்டும் எப்படி வந்துச்சு?"

"சொன்னா கோச்சுக்குவீங்க."

"சொல்லும்மா!"

அவள் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். உதட்டோரம் சின்னதாக ஓட்டை. அதில் வெள்ளை இறகின் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆசிக் கயாக்கைக் கிட்டே கொண்டுவந்தான். மீனைப் பார்த்தான். வீடியோவை நிறுத்திவிட்டு, போனில் காலையில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினான்.

"மச்சான்..." குரல் தணிந்திருந்தது. "வால்ல வெட்டு பாரு. ஏழு மணிக்கு நீ புடிச்சியே, படத்துல அதோட கண்ணு சரியா தெரியலன்னு திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னியே, அந்த மீனுதான்."

செல்வன் போனை வாங்கிப் பார்த்தார். வால், வெட்டு, உதடு எல்லாம் பொருந்தியது. படத்தில் மீனுக்குப் பின்னால் அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

போனை ஆசிக்கிடம் திருப்பிக் கொடுத்தார்.

"விட்டேனே... தண்ணியிலதான விட்டேன்? ஓடிப் போச்சே!"

"உள்ள போறது மாதிரிதாங்க தெரியும்." அமிர்தம் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. "வாய்ல தூண்டிலோட ரொம்ப நேரம் இழுபட்டுக் களைச்சுப் போயிருக்கும். அப்புறம் வெயில்ல தூக்கிப் புடிச்சுப் படம் வேற எடுக்குறீங்க. வுட்டதும் ரெண்டு முழம் போவும். நீங்க அந்தாண்ட போயிடுவீங்க. அது மல்லாந்துக்கும். தண்ணி வடியிறப்ப இந்தத் திருப்பத்துக்குத்தான் வந்து ஒதுங்கும். வாராவாரம் பாக்குறேன்."

ஆசிக் போனைப் பைக்குள் வைத்தான்.

"ஆறுமே..." செல்வன் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "ஆறுமே செத்துப் போச்சா?"

"ஐயோ, இல்லீங்க சார்!" அமிர்தம் பதறினாள். "பொழைக்கட்டும்னுதான நீங்க வுடறீங்க? அதனால ஒவ்வொண்ணா ஏந்தி, தண்ணி வர்ற பக்கம் மூஞ்ச காட்டி, மூச்சு வர்ற வரைக்கும் புடிச்சிக்கிட்டு நின்னேன். நாலு ஓடிப் போச்சு. இது ரெண்டும்தான் எவ்வளவு நேரம் வெச்சிருந்தும் எந்திரிக்கல. அந்த வேலையிலயே வடிதண்ணி நேரம் போயி, தண்ணி திரும்ப ஏறிப் போச்சு சார், இன்னிக்கி இறால் தடவவே இல்ல."