காத்திருந்த ஸ்பூன்

போரில் இரண்டு கைகளையும் இழந்த ஆம்ப்ரோஸுக்கு மற்ற நர்சுகள் ஊட்டிவிடுவதை நர்ஸ் லவீனியா தினமும் பார்ப்பாள். முதல் வாய் இறங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் உதட்டில் வந்து முட்டும். அவசரத்தில் அவளும் அப்படி முட்டியவள்தான். அதனால்தான் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அவன் தானே சாப்பிட ஒரு மெஷினைச் செய்தாள். அதன் குழாயைப் பல்லால் கடித்தால் ஸ்பூன் ஒரு வாய் உருளைக்கிழங்கு மசியலை அள்ளிக்கொண்டு வரும். கடிக்காவிட்டால் வராது.

மெஷினை வார்டில் ஆம்ப்ரோஸின் கட்டிலருகே வைத்த அன்று, வெள்ளைக்காரரான தலைமை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அந்த நேரத்தில் நர்சுகள் யாரும் உட்காரக் கூடாது.

“இதைச் செஞ்ச இன்ஜினியர் எங்கே?” என்று அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

“நான்தாங்க டாக்டர்.”

அவர் அவளுடைய கறுப்பு முகத்தைப் பார்த்தார், பிறகு வாட்சைப் பார்த்தார். “ஊட்டிவிட இத்தனை பேர் இருக்கீங்க, அப்புறம் மெஷின் எதுக்கு? சரி, சீக்கிரம் காட்டு.”

ஆம்ப்ரோஸ் கடித்தான். ஸ்பூன் வந்தது. எல்லோரும் அடுத்த வாயை எதிர்பார்த்து நின்றார்கள். அவனோ ஜன்னல் பக்கம் திரும்பி, மழை விட்டுவிட்டதா என்று பார்த்தான்.

“என்னப்பா, அதுக்குள்ள ரிப்பேரா?”

“ரிப்பேரெல்லாம் இல்ல சார். வாயில இருக்கு. மெதுவா முழுங்கிக்கறேன்.”

ஸ்பூன் அசையாமல் காத்திருந்தது. டாக்டரும் காத்திருந்தார். லவீனியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.